உறவுமுறை: அண்ணன்

காலிக் கட்டத்தைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கை அரிக்கும். எந்த விண்ணப்பமானாலும் சரி, ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்தப் புண்ணியவானிடம் போய் இன்சூரன்ஸ் படிவத்தைக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், எனக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. எழுத்துத் தேர்வு, கண் சோதனை, முதலுதவி எல்லாம் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள். ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை வேகமாக ஓட்டிக் காட்டி, அங்கே இருக்கிற பயிற்சியாளரிடம் மூன்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். வளைவில் வண்டியைக் கைக்குள் வைத்திருந்தால் ஒன்று. வேகத்தில் பிரேக் பிடித்துச் சொன்ன இடத்தில் நிறுத்தினால் இன்னொன்று. மூன்றாவதுக்குப் பெயர் ‘சுய முடிவு’. பக்கத்தில் இருக்கிறவர் வாயைத் திறக்காமல், எதிரே வருவதைப் பார்த்து நாமே முடிவெடுக்க வேண்டும்.

டிராக்கில் எங்களைப் போன்றவர்களை மாதத்துக்கு ஒரு நாள்தான் விடுவார்கள். போன மாதம் மழை கொட்டியதில் ரத்து செய்துவிட்டார்கள். இந்த மாத நாள்தான் விண்ணப்பத்துக்கும் கடைசி நாளாக வந்து வாய்த்தது. மாலை ஐந்து மணிக்குள் மூன்று கையெழுத்தோடும் அந்தத் தாள் ஆம்புலன்ஸ் அலுவலக ஜன்னலுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் முட்டி தேய்கிற வரை வேன்தான்.

வேனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் பதினெட்டுக் குழந்தைகள் சண்டை போட, பதினொரு வருடம் போதும் என்று தோன்றிவிட்டது. எனக்கு வேகமாகப் போகப் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஆம்புலன்ஸில் வேகமாகப் போனால் யாரும் திட்ட மாட்டார்கள், ஒதுங்கி வழி விடுவார்கள்.

இனி அந்த இன்சூரன்ஸ். வருடா வருடம் காருக்கு நாம் எடுக்கிற இன்சூரன்ஸ் டிராக் வாசலோடு சரி. உள்ளே போனால் அதற்குக் காகித மதிப்புதான். உள்ளே ஓட்டுவதற்கென்று ஒரு நாள் இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். காருக்கும் நமக்கும் பக்கத்தில் உட்காருகிற பயிற்சியாளருக்கும் சேர்த்து ஒரே தாள். அதில் இரண்டு நிபந்தனை. பந்தயம் கூடாது, யாரும் கடிகாரம் பிடித்து நேரம் பார்க்கக் கூடாது. பயிற்சியாளர் நமக்கு உறவாக இருக்கக் கூடாது. உறவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாராம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் டிராக்குக்குப் போய்ப் பயிற்சியாளரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள், தொண்டை கட்டிய குரல். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. வாசலில் இருந்த அறுபது வயதுக் காவலாளிகூட ‘அண்ணன்’ என்றுதான் சொன்னார். நானும் அண்ணா என்றேன். வீட்டுக்கு வந்து, “அண்ணன்தான் பக்கத்துல உக்காரப் போறார்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வேனுக்கு டீசல் போடப் போய்விட்டேன். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

அன்று காலை ஏழு மணிக்கு டிராக் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். மேசையில் இருந்த பெண் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு என் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லைசென்ஸ் சரி. மருத்துவச் சான்று சரி. இன்சூரன்ஸ் தாளில் வந்து விரல் நின்றது.

“மேடம், அண்ணன் உங்க சொந்த அண்ணனா?”

“இல்லையே. ஏன் கேக்கறீங்க?”

“இதுல அப்படித்தான் இருக்கு.”

தாளைத் திருப்பிக் காட்டினாள். பயிற்சியாளர் பெயர் ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம். அதற்குள்ளே, அச்சுக் கோத்த மாதிரி, ‘அண்ணன்’.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த டிராக் வரைபடத்தைப் பார்த்தார்.

“ஏங்க.”

“அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குது.”

“இல்லைன்னு போட வேண்டியதுதானே.”

“நீதான வாய்க்கு வாய் அண்ணன் அண்ணன்னு சொன்ன. நான் என்னத்தக் கண்டேன்?”

“எனக்கு மூணு அக்கா. பதினாறு வருஷமா குடும்பம் நடத்தறீங்க. எனக்கு எங்கேருந்து வந்தான் அண்ணன்?”

வரிசையில் பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அன்று வந்தது கோபம் மட்டும் இல்லை. பயமும் சேர்ந்து வந்தது.

மேசைப் பெண் நல்லவள்தான், ஆனால் நூல் பிடித்த மாதிரி ஆள். இந்தத் தாளோடு அண்ணன் என் காரில் ஏற முடியாது என்றாள். அவர் ஏறாமல் நான் டிராக்கில் இறங்க முடியாது. வேறு பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் அன்று ஆள் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள்தான் திருத்த வேண்டும், அவர்கள் ஃபோனை எடுப்பது ஒன்பது மணிக்கு. புதியவர்களுக்கான ஓட்டம் அன்று ஐந்து. எட்டரை, பத்து, பதினொன்றரை, ஒன்றரை, மூன்று. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஓட்டத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கினாலும் இரண்டு ஓட்டம் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தவள் நான்.

அதுவரை காரையாவது சோதித்து வைப்போம் என்று கொட்டகைக்குக் கொண்டுபோனேன். எங்களுடையது ஒன்பது வருடப் பழைய சின்னக் கார். சோதிக்கிற ஆள் டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார், பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார், பேட்டரியைப் பிடித்து ஆட்டினார். பின்னால் டிக்கியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். வேகத்தில் ஒரு சின்னப் பாட்டில் உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் மாட்டினால் போதுமாம், கதை முடிந்துவிடும். குடை, பழைய செருப்பு, வீட்டுக்காரர் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த திருப்புளி எல்லாம் வெளியே வந்தன. அவர் திருப்புளியைக் கையில் எடுத்துச் சந்தோஷப்பட்டார். அந்த நேரத்திலும் மனுஷனுக்குச் சந்தோஷம் வருகிறதே என்று எரிச்சலாக வந்தது.

எட்டரை ஓட்டம் நான் இல்லாமல் போயிற்று. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன்.

சரியாக ஒன்பதுக்கு ஃபோன் போட்டேன். ஒன்பது இருபதுக்கு ஆள் கிடைத்தான். சின்ன வயதுக் குரல், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற பேச்சு.

“உங்க அழைப்பு பதிவாகுது மேடம்.”

“நல்லா பதிவாகட்டும். பயிற்சியாளர் என் அண்ணன்னு தப்பா எழுதிட்டோம். அத எடுக்கணும்.”

“சரி மேடம். அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கு இன்சூரன்ஸ் வேணும்.”

“இல்ல மேடம். அவர் உங்களுக்கு என்ன முறை வேணும்னு கேட்டேன்.”

“ஒரு முறையும் வேணாம். யாரோ.”

“யாரோன்னா ஏன் மேடம் அண்ணன்னு போட்டீங்க? ஒன்றுவிட்ட அண்ணனா?”

“ஒண்ணும் விடல, ரெண்டும் விடல. எல்லாரும் அவர அண்ணன்னு கூப்பிடறாங்க, நானும் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.”

அவன் யோசித்தான். உறவு என்று எழுதிக் கொடுத்தவர் உறவில்லை என்று சொன்னால் எதை நம்புவது என்பது அவன் கேள்வி. உறவு என்பதற்குச் சான்று கேட்டால் காட்டலாம். உறவில்லை என்பதற்கு எந்த அலுவலகத்தில் போய்ச் சான்று வாங்குவது? கடைசியில், அவரும் சொல்லட்டும், அவரிடம் ஃபோனைக் கொடுங்கள் என்றான். எட்டரை ஓட்டத்தில் வேறு ஒருவரோடு போய்விட்டு, அந்த ஆளுக்குத் தவறுகளைச் சொல்லி முடித்து, அப்போதுதான் ஹெல்மெட்டோடு வந்துகொண்டிருந்தார் அவர். நான் ஓடிப்போய் ஃபோனை நீட்டினேன்.

“அண்ணா, நீங்களே சொல்லுங்கண்ணா.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஃபோனில் ஒலிபெருக்கி போட்டிருந்தது.

“மேடம் இப்பக்கூட அண்ணான்னுதான் கூப்பிட்டாங்க. பதிவாகியிருக்கு” என்றது ஃபோன்.

அண்ணனுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆயிற்று. என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“தம்பி, இவங்கள ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவ பார்த்திருக்கேன். எனக்கு இவங்க ஒண்ணும் வேணாம்.”

“அப்ப ஏன் சார் அண்ணான்னு...”

“இப்ப நான் உன்னத் தம்பின்னு கூப்பிட்டேன். உங்க அம்மாவ எனக்குத் தெரியுமா?”

ஃபோனில் தட்டச்சு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பையன் சொன்னான்: “திருத்திடறேன் அண்ணா.”

திருத்துவதற்கு அவன் போதாதாம். மேலதிகாரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ‘மேற்படி நபருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை’ என்று நானும் அண்ணனும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பினோம். பத்து மணி ஓட்டம் போயிற்று. பதினொன்றரை ஓட்டத்துக்குக் கார்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தபோதும் தாள் வரவில்லை. நான் ஃபோனையே பார்த்துக்கொண்டு கொட்டகை ஓரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றார். பாவம், அவருக்கும் தெரியும் இது எனக்கு என்னவென்று. ஆனால் பாவம் என்று சொல்ல அப்போது எனக்கு மனம் வரவில்லை. டீ அப்படியே ஆறிப்போனது.

பதினொன்று ஐம்பதுக்குத் திருத்திய தாள் வந்தது. உறவுமுறை: இல்லை.

மிச்சம் இரண்டு ஓட்டம். வாங்க வேண்டியது மூன்று கையெழுத்து.

“முதல் ஓட்டத்துல ரெண்டு. அடுத்ததுல ஒண்ணு” என்றார் அண்ணன். “பதட்டப்படாதம்மா. பதட்டப்பட்டா கை இறுகும், கை இறுகினா வண்டி உன் பேச்சக் கேக்காது.”

ஒன்றரைக்கு உள்ளே இறங்கினோம். ஹெல்மெட்டுக்குள் சின்ன ஒலிவாங்கி, அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவருக்குக் கேட்கும், வேறு யாருக்கும் கேட்காது. காரின் முன்கண்ணாடியில் அவர் பக்கத்துக்கென்று தனியாக ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டியிருந்தார், பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்க. முதல் சுற்று மெதுவாகப் போனோம். இரண்டாவது சுற்றில், “இப்போ” என்றார்.

வேன் ஓட்டிப் பழகிய கால் எனக்கு. எதற்கும் முன்கூட்டியே பிரேக்கில் போய் உட்கார்ந்துவிடும். “இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்போ” என்று அவர் சொல்லச் சொல்ல, என் காலோடு நானே சண்டை போட்டேன். மூன்றாவது சுற்றில் வளைவுகள் பிடிபட்டன. வண்டி எங்கே சாயும், எங்கே நிமிரும் என்பது முதுகுக்குத் தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் எனக்கு ஐந்து மணி மறந்துபோனது என்று சொன்னால் நம்ப வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிரேக்தான் படுத்தியது. நேர்பாதையின் நடுவில் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார்கள், நூறு வேகத்தில் வந்து அந்தக் கூம்புகளுக்குள் நிற்க வேண்டும். முதல் தடவை ஒரு கூம்பைத் தட்டிவிட்டேன். இரண்டாவது தடவை பயந்து, பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டேன். இருபது நிமிடம் முடியப் போகிறது, கடைசிச் சுற்று. “மிதி. கோவம் வந்தா எப்படி மிதிப்பியோ அப்படி மிதி” என்றார். கோபத்துக்கா எனக்குப் பஞ்சம்? கூம்புக்குள் நின்றது வண்டி. வெளியே வந்ததும் காரின் மேல்தட்டிலேயே தாளை வைத்து இரண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது கையெழுத்துக்கு மூன்று மணி ஓட்டம்தான். அதில் கடைசி நாலு சுற்றில் அவர் பேச மாட்டார். நேர்பாதை முடிவில் ஒருவர் நின்றுகொண்டு, நாம் பக்கத்தில் வரும்போது இடம் அல்லது வலம் என்று பலகையைத் தூக்குவார். பார்த்த கணத்தில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் சுய முடிவு. “சின்னப் பசங்க விளையாட்டுதான். நீ பண்ணிடுவ” என்றார் அண்ணன்.

அந்தப் பலகையை நான் பார்க்கவே இல்லை.

உள்ளே இறங்கி மூன்றாவது சுற்று. அண்ணன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். நேர்பாதைக்கு முன்னால் ஒரு மேடு உண்டு, மேட்டில் ஏறும்போது அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. எங்களுக்குப் பின்னால் ஒரு நீலக் கார் ஒட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் வழி விடக் கூடாது, தாண்டி நேர்பாதைக்குப் போய்த்தான் விட வேண்டும். அண்ணனின் கண் குட்டிக் கண்ணாடியிலேயே இருந்தது.

“வேகத்தக் குறைக்காத. மேட்டத் தாண்டி வழி விடலாம். போ.”

இடது பக்கம், மேட்டுக்குச் சற்று முன்னால், கொடிக்காரரின் மேடை. அதில் மஞ்சள் கொடி ஆடியது. ஒரு கணம்தான். மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது, மெதுவாகப் போ என்று பொருள். அண்ணன் நிறுத்தச் சொல்வாரா என்று காத்திருந்தேன். ஒரு மூச்சு நேரம்.

“போம்மா, போன்னு சொல்றேன்ல.”

மிதித்தேன். பிரேக்கைக் கோபத்தில் மிதிக்கிற மாதிரியே மிதித்தேன். அண்ணனின் தலை முன்னால் போய் வந்தது. பின்னால் நீலக் காரின் டயர் கத்தியது. மேட்டின் உச்சிக்கு வண்டி ஊர்ந்து ஏறியது, அந்தப் பக்கம் கீழே, பாதைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார் சுழன்று நின்றிருந்தது. அதன் கதவைத் திறந்துகொண்டு ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் தார் மேல், ஒரு கால் உள்ளே. என் வண்டி அவனிடமிருந்து இரண்டு கார் தூரத்தில் நின்றது. அவன் எங்களை நிமிர்ந்து பார்த்தான். இருபது வயது இருக்கும்.

ஹெல்மெட்டுக்குள் அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது.

“நான் கொடியப் பார்க்கல” என்றார் அண்ணன்.

சிவப்புக் கொடி விழுந்தது. வெள்ளைக் காரிலிருந்து எண்ணெய் ஒழுகி நாற்பதடிக்குப் பாதையெல்லாம் பரவியிருந்தது. அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மணி மூன்று இருபத்தைந்து. தாளில் கையெழுத்து இரண்டு.

இப்படி நடந்தால் இன்சூரன்ஸுக்காக ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் அண்ணனும் அலுவலக மேசைக்குப் போனோம். வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டார்கள். மேசைப் பெண் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

“கொடியப் பார்த்தது யாரு அண்ணா? பிரேக் பிடிக்கச் சொன்னது நீங்கதான?”

அவள் கேட்ட மாதிரியிலேயே பதில் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் விளக்கினாள்.

“அண்ணன் சொல்லி நீங்க பிடிச்சிருந்தா உங்களுக்கு மூணாவது கையெழுத்து கிடைக்காது மேடம். அவர் சொல்லாம நீங்களே பிடிச்சிருந்தாத்தான் சுய முடிவு. ஆனா அப்படின்னா அவர் கொடியப் பார்க்கலன்னு அர்த்தம். கொடியத் தவற விட்ட பயிற்சியாளர் கைப்பட்டையக் கழற்றிக் குடுத்துடணும். விசாரணை முடிஞ்சு திரும்பக் குடுத்தாத்தான் அடுத்தவங்க காருல ஏறலாம். சிலருக்குத் திரும்பக் கிடைக்கறதே இல்ல.”

அண்ணன் கையில் கட்டியிருந்த பயிற்சியாளர் பட்டையைப் பார்த்தேன். பச்சைத் துணி, விளிம்பு வெளுத்திருந்தது.

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ‘அவர்தான் பிடிக்கச் சொன்னார்’ என்று ஒரு பொய். ஒரே வரி, அவருடைய பிழைப்பு தப்பியிருக்கும். இல்லாவிட்டால் உண்மையையாவது என் வாயால் சொல்லியிருக்கலாம், அவரைக் காட்டிக்கொடுத்த பழியை நானாவது ஏற்றுக்கொண்டிருக்கலாம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. காலையில் எனக்காக ஃபோனில் வாதாடியவர் பக்கத்தில் நிற்கிறார், நான் ஆம்புலன்ஸ் அலுவலகம் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“பேனா குடும்மா” என்றார் அண்ணன்.

மேசைப் பெண் கொடுக்கவில்லை. “அண்ணா, கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க. உள்ள நீங்க ரெண்டு பேரும் பேசினது வெளிய யாருக்கும் கேக்காது.”

“எனக்குக் கேட்டுச்சே.”

அவள் பேனாவைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே குனிந்து எழுதினார். பெரிய பெரிய எழுத்து. எழுதி முடித்ததும் என் தாளை இழுத்து மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, எழுதியதன் நகலையும் அதோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

“கிளம்பு. மணி ஆகுது.”

நன்றி என்றுகூடச் சொல்ல வரவில்லை எனக்கு. வெளியே வந்தேன். வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாள்களைப் பிடுங்கிப் படித்தார். ‘மஞ்சள் கொடியை நான் பார்க்கவில்லை. போ என்று இரண்டு முறை சொன்னேன். இவர் என் பேச்சைக் கேட்கவில்லை.’

“பேச்சைக் கேட்கலன்னு எழுதியிருக்கான் பாரு. ஃபெயில் பண்ணிட்டானா? இரு, நான் போய் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

சட்டையைப் பிடித்து இழுத்தேன். “பாஸுங்க. அதனாலதான் பாஸு.”

பிறந்ததிலிருந்து என் மேல் சொல்லப்பட்ட ஒரே புகார் அது. அம்மா சொன்னாள், வாத்தியார்கள் சொன்னார்கள், மூன்று அக்காமாரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த வரியை ஒருவர் எனக்கு நல்லதாக எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பச்சைப் பட்டையைக் கையிலிருந்து உருவி, மடித்து, மேசை மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அவர் ஏன் அதக் கழட்டறார்?” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க ஓட்டுங்க” என்றேன். “அப்பறம் சொல்றேன்.”

நான்கு நாற்பத்தைந்துக்குத் தாளை ஜன்னலில் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் மூன்று கையெழுத்தையும் எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினார். ரசீதை வாங்கிக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை கிடைத்த மாதிரிதான் என்றார், சிரித்தார், காலையில் நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். கட்டத்தில் எழுதியதற்கு.

“அத விடுங்க” என்றேன். பிறகு உள்ளே நடந்ததை முழுதாகச் சொன்னேன், கடிகாரத்தைப் பார்த்ததையும் விடாமல்.

“பிரேக் பிடிக்கச் சொன்னேன்னு அவர் மாத்தி எழுதியிருந்தா, இல்லன்னு நான் சொல்லியிருப்பேங்க. அவர் தலையில போட்டுட்டு இந்தத் தாள வாங்கிட்டு வந்திருப்பேன்.”

வீட்டுக்காரர் என் கையிலிருந்த ரசீதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.